பூவில் விட்ட தண்ணீர்

என் வாய்தான் எனக்குச் சத்துரு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் ஊதியது போர்ச்சுகல் நாட்டில்.

போன வருஷம் மகளின் பிரசவத்துக்காக அங்கே போயிருந்தேன். மருமகன் அந்த நாட்டுக்காரர். அவருடைய அம்மா இனேஷ், அதாவது என் சம்பந்தியம்மா, பேத்திக்கு நாற்பது நாள் ஆனதும் என்னை ஒரு பேருந்தில் ஏற்றிப் பாதாம் பூப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். பூப் பார்ப்பதற்கென்றே ஒரு சுற்றுலா! கையில் சின்னக் கொடியோடு ஒரு பெண் முன்னால் நடக்க, இருபது பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி பின்னால் நடந்தோம். சரிவு முழுக்க வெள்ளையும் ரோஸுமாகப் பூ. மரத்தில் ஒரு இலை கிடையாது. அழகில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் நடுநடுவே ஒரு வீட்டு முன்னால் நிறுத்தி, தட்டில் ஆளுக்கு ஐந்து பாதாம், ஒரு துண்டு ஆட்டுப்பால் சீஸ், கிளாஸின் அடி நனைகிற மாதிரி கொஞ்சம் வைன் கொடுத்து "ருசி பாருங்கள்" என்றார்கள். அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஐந்தே ஐந்து பாதாம்! எண்ணி வைத்திருக்கிறார்கள்!

"எங்கள் சேலத்துக்குத் தை மாசம் வந்து பாருங்கள்" என்றேன். "மாமரம் பூவெடுத்தால் ஊரே மணக்கும். நாங்கள் ருசி காட்ட மாட்டோம், வயிறு முட்டச் சோறு போடுவோம்."

ஒரு பேச்சுக்குச் சொன்னால் வந்துவிடுவதா? இந்தத் தையில் வந்து இறங்கிவிட்டார், ஒரு பெட்டியும் ஒரு வைக்கோல் தொப்பியுமாக.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் அரிசிப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். தபாலாபீசில் முப்பத்தைந்து வருஷம் சேமிப்புக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள். மாம்பழத்தைக் கூடையில் பார்த்திருக்கிறேன், பையில் பார்த்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வரும்போது வண்டியில் பார்த்திருக்கிறேன். பூத்த தோப்புக்குள் அறுபத்திரண்டு வயசு வரை கால் வைத்ததில்லை. இந்த லட்சணத்தில் அங்கே போய் அளந்துவிட்டு வந்திருந்தேன்.

விசாரித்ததில் குமரேசன் கிடைத்தான். முப்பத்தைந்து வயசிருக்கும். ரிக் வண்டியில் வடக்கே பத்து வருஷம் போர்வெல் போட்டுவிட்டு, முதுகு போனதால் ஊர் திரும்பி, இப்போது ஒரு பழைய வேன் வைத்துக்கொண்டு வெளியூர்க்காரர்களைத் தோட்டம் தோட்டமாகக் கூட்டிக்கொண்டு போகிறான். போகிற இடமெல்லாம் அவனுக்குச் சொந்தம், இல்லாவிட்டால் பழக்கம். மூன்று நாள் சுற்றுவது என்று பேசிக்கொண்டோம்.

முதல் நாள் ஆத்தூர்ப் பக்கம். வேனின் பக்கக் கதவு மூடாது. "அதைக் கவுத்துல கட்டிருக்குதுங்கம்மா, ஒண்ணும் ஆவாதுங்க" என்றான். கட்டியிருந்தது சரிதான், அந்தக் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். சம்பந்தியம்மா தானாகவே எடுத்துக்கொண்டார். வாழப்பாடி தாண்டும் வரை அவர் கயிற்றைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் அந்த வேனே அவர் இழுத்துத்தான் ஓடுகிறது என்று தோன்றும். எனக்கு அப்போதே முகம் சிவந்துவிட்டது. அங்கே நாங்கள் போன பேருந்தில் கதவு தானாகத் திறந்து தானாக மூடியது.

சேகோ பேக்டரியில் ஜவ்வரிசி செய்வதைப் பார்த்தோம். குச்சிக்கிழங்கை, அதுதான் மரவள்ளியை, அரைத்து, பாலைப் படியவைத்து, மாவைக் குலுக்கி உருட்டி, இரும்புத் தட்டில் வறுத்துக் களத்தில் கொட்டுகிறார்கள். புளித்த வாடை ஆளைத் தூக்கியது. சம்பந்தியம்மாவோ மூக்கை மூடவே இல்லை. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். களத்து ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்த ஒரு குவியலிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

களம் கூட்டிக்கொண்டிருந்த பெண் விளக்குமாற்றை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "ஐயே, அத்த எதுக்கும்மா துன்றாங்க? அது திப்பி. மாட்டுக்குப் போடறது."

"என்ன சொல்கிறாள்?" என்று சம்பந்தியம்மா ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஓடுவது அரைகுறை ஆங்கிலம்தான். அவருக்குப் பாதி, எனக்குப் பாதி.

சம்பந்தி வாயில் மாட்டுத்தீவனம் என்று எந்த வாயால் சொல்வது? "வறுத்தால் இன்னும் ருசியாக இருக்குமாம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு இன்னொரு சிட்டிகை எடுத்தார். குமரேசன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். பொய் சொல்லி மொழிபெயர்ப்பது எவ்வளவு சுலபம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அது கெட்ட ஆரம்பம்.

மதியம் வேகவைத்த கிழங்கும் பச்சைமிளகாய்ச் சட்னியும், ஜவ்வரிசிப் பாயசமும் சாப்பிட்டோம். சம்பந்தியம்மா மூன்று டம்ளர் பாயசம் குடித்தார். "எண்ணவில்லையே இங்கே யாரும்" என்று நான் ஒரு குத்துக் குத்தினேன். அவருக்குப் புரியவில்லை, நல்லவேளை.

இரண்டாம் நாள்தான் மாம்பூ. சேந்தமங்கலம் தாண்டி, கொல்லிமலை சுவர் மாதிரி எதிரே நிற்க, அதன் அடிவாரத்தில் ஒரு தோப்பு. சுமார் ஐம்பது மரம். தோப்புக்காரர் பழனியம்மாள், என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவராக இருப்பார். வீட்டுக்காரர் இறந்த பிறகு ஒரே மகளை வைத்துக்கொண்டு தோப்பையும் பக்கத்தில் ஒரு கிழங்குக் காட்டையும் தானே பார்க்கிறார். மகள் கோயமுத்தூரில் நர்சிங் படிக்கிறாள். குமரேசனுக்குப் பெரியம்மா முறை.

வேனை விட்டு இறங்கும்போதே எதிரே வந்து, "வாங்க" என்று என்னைப் பார்த்து ஒன்று, "வாங்க" என்று சம்பந்தியம்மாவைப் பார்த்து ஒன்று, "வா சாமி" என்று குமரேசனுக்கு ஒன்று. மூன்று பேருக்கும் தனித்தனியாக. மொத்தமாக ஒரு "வாங்க" போட்டு முடிக்கிற பழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது.

தோப்பைப் பார்த்தேன். நான் ஒரு வருஷமாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த பூ இதுதானா? மரத்தின் தலையில் யாரோ புழுதியைக் கொட்டினதுபோல மஞ்சளாக ஒரு பூச்சு. அவ்வளவுதான். சம்பந்தியம்மா தொப்பியைத் தூக்கிக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "பூ எங்கே, ரீட்டா?"

எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

குமரேசன் ஒரு தாழ்ந்த கிளைக்கு அழைத்துப்போய்க் காட்டினான். கிட்டத்தில் பார்த்தால் கதை வேறு. சிவந்த காம்பில் கோபுரமாகக் கொத்து, ஒவ்வொன்றிலும் ஆயிரம் பூ இருக்கும், கடுகு கடுகாக. தேனும் காரமும் கலந்தது மாதிரி ஒரு வாசனை. ஈ மொய்த்தது. "கை படாமப் பாருங்க, உதுந்துரும்" என்றார் பழனியம்மாள். சம்பந்தியம்மா குனிந்து முகர்ந்து, "நன்றாக இருக்கிறது" என்றார். மனசாரத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பாதாம் மலையில் நான் "ஆ" என்று வாயைப் பிளந்தேனே, அந்த "ஆ" வரவில்லை. எனக்கு அந்த "ஆ" வேண்டும். அதை வாங்காமல் ஊர் திரும்புவதில்லை என்று ஒரு வெறி வந்துவிட்டது.

அப்போது கண்ணில் பட்டதுதான் பம்பு ரூமும் அதன் முன்னால் தொட்டியும். பம்புசெட்டுக் குளியல்! போர்ச்சுகல்லில் இது ஏது?

பழனியம்மாளிடம் கேட்டேன், "ஏங்க, கொஞ்ச நேரம் மோட்டார் போடலாமா? இவங்க தொட்டியில குளிக்கணும்னு ஆசைப்படறாங்க." ஆசைப்பட்டவள் நான். சம்பந்தியம்மாவுக்கு அது என்ன என்றே தெரியாது.

பழனியம்மாள் ஒரு நொடி என்னையும் தோப்பையும் பார்த்தார். "பாத்துக்கலாங்க. மொதல்ல நெழலுல உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க வீட்டுக்குள் போனார்.

இந்தப் "பாத்துக்கலாங்க"வுக்கு அர்த்தம் தெரியாதவளா நான்? நாமக்கல் பக்கத்து ஆட்கள் எத்தனை பேரிடம் கவுண்டரில் உட்கார்ந்து "ஒரு ஆர்.டி. போடுங்களேன்" என்று கேட்டிருக்கிறேன். எத்தனை பேர் சிரித்த முகத்தோடு "பாத்துக்கலாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருத்தராவது திரும்பி வந்து போட்டதுண்டா? வீட்டுக்கு வந்தவர்களிடம் முடியாது என்று சொல்ல வாய் வராதவர்களின் "முடியாது" அது. தெரிந்தும், அன்றைக்கு எனக்கு அது "சரி" என்றுதான் காதில் விழுந்தது. வேண்டியது மட்டும் கேட்கிற காது.

குமரேசன் தோப்பின் மறுகோடியில், வரப்போரத்துத் தென்னையில் இளநீருக்காக ஏறியிருந்தான். பழனியம்மாள் அடுப்படியில். நான் பம்பு ரூமுக்குள் போனேன். சுவரில் ஒரு பெட்டி, பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன். கரண்ட் இருந்தது. பச்சையை அமுக்கினேன்.

உறுமிக்கொண்டு தண்ணீர் வந்தது பாருங்கள், தொடைத் தண்டிக்கு! சம்பந்தியம்மா சுடிதாரோடு தொட்டிக்குள் இறங்கி, குழாயடியில் தலையைக் கொடுத்துவிட்டு ஓர் அலறல் அலறினார். அதுதான் நான் எதிர்பார்த்த "ஆ". "வெதுவெதுப்பாக இருக்கிறதே! பூமிக்குள்ளிருந்து வெந்நீரா?" என்று குதித்தார். அறுபது வயசு மனுஷி குழந்தை மாதிரி ஆகிவிட்டார். நான் போட்டோவாக எடுத்துத் தள்ளி மகளுக்கு அனுப்பினேன். "உன் மாமியாரைப் பார், நம்ம ஊர் எப்படி?" என்று கூடவே ஒரு வரி. கால் மணி நேரம் இருக்கும். தொட்டி நிரம்பி, வழிந்து, வாய்க்காலில் ஓடியது. எங்கே ஓடுகிறது என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் என்றால் மரத்துக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். மரத்துக்கு நாம் ஏதோ உபகாரம் செய்கிறோம் என்றுகூட நினைத்தேன், கடவுளே.

பழனியம்மாள் ஓடி வந்தார். செருப்பில்லை. கையில் மம்முட்டி. எங்களைத் தாண்டிப் பம்பு ரூமுக்குள் புகுந்து மோட்டாரை நிறுத்தினார். வெளியே வந்து வாய்க்கால் கரையை நாலே வெட்டில் வெட்டிக் கிழங்குக் காட்டுப் பக்கம் தண்ணீரைத் திருப்பினார். அதற்குள் தொட்டிக்குக் கிட்டத்தில் இருந்த எட்டு மரத்தின் பாத்தியும் ரொம்பி நின்றது. ஒரு மரத்தடியில் அப்படியே நின்று தண்ணீரைப் பார்த்தார். மேலே பூவைப் பார்த்தார்.

தென்னையிலிருந்து இறங்கி, இரண்டு கையிலும் இளநீரோடு குமரேசன் வந்து நின்றான்.

"ஆரு மோட்டாரைப் போட்டது?" பழனியம்மாள் கேட்டது அவனைப் பார்த்து.

குமரேசன் என்னை ஒரு தரம் பார்த்தான். ஒரே தரம். "நாந்தானுங்க பெரீம்மா" என்றான்.

"உனக்கு அறிவிருக்குதாடா? சோத்தைத்தான திங்கற? பூவெடுத்த மரத்துக்கு எந்த மடையனாச்சும் தண்ணி உடுவானா? மார்கழியில இருந்து ஒரு சொட்டுக் காட்டாமக் காயப்போட்டு வெச்சிருக்கறேன். இப்பத் தண்ணியக் குடிச்சுப்போட்டு, பூவையெல்லாம் கொட்டிப்போட்டு, கொளுந்தடிச்சுரும். மத்ததெல்லாம் கிளிமூக்கு, ஜூஸ் பேக்டரிக்குப் போற காய். இந்த எட்டுந்தான்டா மல்கோவா. எம்புள்ளை படிப்பு இதுலதான்டா ஓடுது. அடுத்தவங்க தோட்டத்துல கை வெக்கறமே, ஒரு வார்த்தை கேக்கலாமேன்னு தோணலையா?"

அவன் தலையைக் குனிந்து நின்றான். திட்டு நிற்கவில்லை. அத்தனை நேரமும் அந்தம்மா என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அதை என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

"நான்தாங்க போட்டேன்." இரண்டே வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பக்கத்தில் சம்பந்தியம்மா சொட்டச் சொட்ட நின்றிருந்தார். ஒரு வருஷமாக எங்கள் ஊர், எங்கள் ஊர் என்று தம்பட்டம் அடித்தவள், எங்கள் ஊரில் இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாதவள் என்று அவர் முன்னால் நிற்பதா? வார்த்தையை விழுங்கிவிட்டேன்.

"அவரை ஏன் திட்டுகிறார்கள்?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

"இளநீர் வெட்ட நேரமாக்கிவிட்டானாம்" என்றேன். த்தூ.

பழனியம்மாள் மம்முட்டியைச் சாத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். குரல் வேறு குரலாக இருந்தது. "துணி மாத்திக்கிட்டு வாங்க. எலை போட்டாச்சு."

அரிசிம்பருப்புச் சோறு, நாட்டுக்கோழிச் சாறு, கத்திரிக்காய்ப் பொரியல், கடைசியில் கச்சாயம் என்று வெல்லம் போட்ட ஒரு பலகாரம். பழனியம்மாளும் குமரேசனும் பரிமாறினார்கள். சம்பந்தியம்மா கையால் பிசைந்து சாப்பிடப் பழகிக்கொண்டார். வேனில் ஏறும்போது பழனியம்மாள் எங்களிடம் "போயிட்டு வாங்க" என்றார். குமரேசனிடம், எங்கள் காதுபடவே, "இனிமே ஆரையும் இங்க கூட்டியாராத சாமி" என்றார். வழி முழுக்க அவன் பாட்டுப் போடவில்லை. அவனுடைய சுற்றுலாவில் மாம்பூவுக்கென்று இருந்தது அந்த ஒரு தோப்புதான்.

மூன்றாம் நாள் ஜேடர்பாளையம். காவிரியில் அணை, படுகை நிறையக் கரும்பு. ஒரு வெல்ல ஆலையில் கொதிக்கிற பாகை வாழையிலையில் ஊற்றித் தந்தார்கள். நான் அவசரப்பட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டேன். சுடட்டும் என்று இருந்தது.

அணைக்குப் பக்கத்தில் மீன் பொரிக்கிற கடையில் உட்கார்ந்திருந்தபோது, சம்பந்தியம்மா ஆற்றுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நேற்று இளநீருக்காகவா அப்படித் திட்டினார்கள்?"

நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"எங்கள் பாதாம் பூக்கிற நேரத்தில் மழை வந்தால் என் அப்பா இப்படித்தான் வெறுங்காலோடு ஓடுவார்" என்றார். "பூவில் தண்ணீர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், ரீட்டா. அந்தத் தண்ணீரில் குளித்தவள் நான். மன்னிப்புக் கேட்பதற்குத் தமிழில் என்ன சொல்ல வேண்டும்?"

சொல்லிக்கொடுத்தேன். வேறென்ன செய்வது? "மன்னிச்சிருங்க" என்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து, வேனில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த குமரேசனிடம் போய், கையைக் கூப்பி, "மன்னிச்சிருங்க" என்றார்.

அவன் பதறிப்போய் டீயைக் கொட்டிக்கொண்டான். "ஐயோ, இவங்க எதுக்குங்கம்மா சொல்றாங்க?" என்று என்னிடம் கேட்டான். அந்த "இவங்க"வை எந்த அழுத்தத்தில் சொன்னான் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் அப்போதும் சொல்லவில்லை. "அவங்க ஊர் வழக்கம்ப்பா" என்று சொல்லிச் சிரித்தேன். செய்யாதவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார். செய்தவள் மீன் நன்றாக இருக்கிறதென்று இன்னொரு தட்டுச் சொன்னேன்.

சம்பந்தியம்மா ஊர் திரும்பிவிட்டார். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தார், முத்தம் கொடுத்தார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தவக்காலம் தொடங்கியது. எனக்குச் சோறும் இறங்கவில்லை, செபமும் வரவில்லை. ஃபாதரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டு, முழங்காலில் நின்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

பங்குனியில் ஒரு நாள் தனியாகக் கிளம்பினேன். சேலத்திலிருந்து ஒரு பஸ், சேந்தமங்கலத்திலிருந்து ஒரு டவுன் பஸ். அவசரத்தில் ஒரு நிறுத்தம் முன்னாடியே இறங்கிவிட்டு, வெயிலில் ஒன்றரை மைல் நடந்தேன். கையில் இரண்டு கிலோ ஆரஞ்சு. தோப்புக்காரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போகிற மூளை எனக்குத்தான் இருக்கும்.

தோப்பு தூரத்திலேயே தெரிந்தது. மற்ற மரமெல்லாம் கரும்பச்சையாக, கிட்டப் போனால் கோலிக்குண்டுப் பிஞ்சு சரம் சரமாகத் தொங்கியது. தொட்டிப் பக்கத்து எட்டு மரம் மட்டும் தனியாகத் தெரிந்தது. உச்சியிலிருந்து அடி வரை செம்பு நிறத்தில் கொழுந்து. வெயில் பட்டுப் பளபளத்தது. ஒரு பிஞ்சு கிடையாது. அந்தத் தோப்பிலேயே அழகு அந்த எட்டு மரம்தான். விவரம் தெரியாதவர் யாராவது வந்தால் அதன் முன்னால் நின்றுதான் போட்டோ எடுப்பார்கள்.

பழனியம்மாள் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அரிவாளை வைத்துவிட்டு எழுந்து, "வாங்க" என்றார். அதே "வாங்க". உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வேறெங்காவது போய்விடும்.

"அன்னைக்கு மோட்டாரைப் போட்டது நான்தாங்க. குமரேசன் இல்லை. அவனை இங்க வர விடுங்க." நடந்து வரும்போது எவ்வளவோ கோத்து வைத்திருந்தேன். வந்தது இவ்வளவுதான். அழுகையும் வந்துவிட்டது.

"தெரியுமுங்க" என்றார் பழனியம்மாள்.

"தெரியுமா?"

"அவன் தென்னமரத்து மேல இருந்தானுங்களே. அங்க குந்திக்கிட்டா பட்டனை அமுக்குவான்?" சிரித்தார். "அதுவுமில்லாம, அவன் இந்த மண்ணுல பொறந்தவனுங்க. பூவுல தண்ணி உடக்கூடாதுன்னு அவனுக்குத் தெரியாதுங்களா? அன்னைக்குப் பொழுதோடயே திரும்பி வந்து, பாத்தித் தண்ணிய வாளியில மொண்டு மொண்டு ஊத்திக் குடுத்துட்டுத்தான் போனான். போன வாரங்கூட ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வந்தான்."

"அப்ப எதுக்குங்க அவனை அப்படித் திட்டினீங்க?"

"ஒறம்பரைக்கு வந்தவங்களை எப்பிடிங்க வையறது? ஊடு தேடி வந்திருக்கறீங்க, எலை போட்டு வெச்சிருக்கறேன். உங்களை வைய வாய் வருங்களா? அவன்னா நம்ம பையன், வாங்கிக்குவான். அதுக்குத்தான் அவனும் நாந்தான்னு வந்து நின்னான்." மாடு கத்தியது. இரண்டு தட்டை எடுத்து அதன் முன்னால் போட்டுவிட்டு வந்தார். "காதுல உளுந்ததுமே நீங்களே எந்திரிச்சுச் சொல்லிப்போடுவீங்கன்னு பாத்தமுங்க. சோறு போட்டப்பவும் நானும் அவனும் உங்க மொகத்தையேதான் பாத்துக்கிட்டு இருந்தோம். இப்பச் சொல்லுவாங்க, இப்பச் சொல்லுவாங்கன்னு."

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். "நான் என்னங்க பண்ணிக்கிட்டிருந்தேன்?"

பழனியம்மாளுக்குச் சொல்லவும் சங்கடம், சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. கீழே பார்த்துக்கொண்டே, என்னை நோகடிக்காத குரலில் சொன்னார். "கோழிச்சாறு இன்னொருக்கா ஊத்தச் சொன்னீங்க."

இதை மேலே எழுதும்போது விட்டுவிட்டேன். கேட்டது நிஜம்தான். எலும்பில்லாத துண்டாகப் பார்த்துப் போடச் சொல்லி, கிண்ணத்தையும் நீட்டினேன்.